சீனி கரைய எத்தனை நாள் செல்லும்?

எமது பெரியதாயாரின் மகன், எமக்கு அண்ணர் முறையானவர், வவுனியா நகரிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள கிராமமொன்றில் வயல் செய்பவர். முப்பது ஆண்டுகளாக மண்வெட்டியைக் கீழே வைத்தறியாதவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்தன. அன்றுமுதல் வாரத்துக்கு இருமுறை முதல் பஸ்ஸிலே நகரத்துக்கு வந்து, மருத்துவமனையில் இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொண்டு, பிற்பகலில் எமது இல்லத்திற் சற்று இளைப்பாறிச் செல்வது அவர் வழக்கமாயிற்று. டயலிசிஸ் என்று இந்நாளிற் பட்டிதொட்டியெங்கும் அறியப்பட்டிருப்பது இந்தச் சிகிச்சையே. ஒவ்வொரு முறையும் நான்கு மணித்தியாலம் இயந்திரத்தின் அருகே படுத்திருத்தல் வேண்டும்.

சென்ற காலபோக அறுவடையின்போது அண்ணருக்குப் பொறுமை போய்விட்டது. வெட்டு இயந்திரம் வயலுக்கு வரும் நாளும் சிகிச்சைக்குரிய நாளும் ஒன்றாகவே வந்துகொண்டிருந்தன. "இரண்டு மணித்தியாலம் போதும், கழற்றிவிடுங்கோ" என்று தாமே வற்புறுத்தி, கையொப்பமும் இட்டுக் கொடுத்துவிட்டு, மூன்று வாரம் பாதி நேரத்திலேயே எழுந்து சென்றார். மூன்றாம் வாரத்தின் இறுதியில் ஒருநாள் நள்ளிரவிலே மூச்செடுக்க முடியாத நிலையில் அவரை முச்சக்கர வண்டியிலே தூக்கிவந்தார்கள். நெஞ்சிலே நீர் கோத்திருந்தது. வைத்தியரும் தாதியரும் விடியும்வரை பாடுபட்டு உயிரைக் காப்பாற்றினர்.

அதற்கடுத்த வாரம் எமது விறாந்தையில் அமர்ந்து, தமக்கு விதிக்கப்பட்ட அரைக் கோப்பைத் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எம்மிடம் ஒரு வினா எழுப்பினார்.

"தம்பி, நீ படிச்சவன், பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறவன். ஒண்டு கேக்கிறன். தேத்தண்ணிக்குள்ளை போட்ட சீனி ரெண்டு நிமிசத்திலை கரைஞ்சு போகுது. என்ரை இரத்தத்திலை இருக்கிற அழுக்கு வெளியிலை போக நாலு மணித்தியாலம் வேணுமெண்டு சொல்லுகினம். அது ஏன்?"

நாம் கல்லூரியிலே இரசாயனம் கற்பிக்கத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. பரவல் என்னும் பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகின்றோம். ஊதா நிறப் பரமங்கனேற்றுப் பளிங்கு ஒன்றை நீரில் இட்டு, "நிறம் பரவுகின்றது பாருங்கள்" என்று காட்டி, மணி அடித்ததும் வகுப்பைக் கலைத்துவிடுகின்றோம். ஆனால் "எவ்வளவு விரைவில் பரவும்? அதனை முன்கூட்டியே கணித்தறிய முடியுமா?" என்று எம்மை ஒரு மாணவனும் கேட்டதில்லை. ஏட்டுக் கல்வி கற்காத அண்ணர் கேட்டார். அவருக்கு நாம் தேடிய விடையையே இவ்வாரம் நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

கரண்டியின் மகிமை

முதலிலே தேநீரை எடுத்துக்கொள்வோம். சீனி இரண்டு நிமிடத்திற் கரைவதற்குக் காரணம் நீரின் பெருந்தன்மையன்று. எமது கையிலுள்ள கரண்டியே. கலக்காமல் விட்டால் என்ன நிகழும்? கொதிநீரிலே வெப்பத்தினால் எழும் நீரோட்டங்கள் ஓரளவு கலக்கிவிடும். ஆகவே நன்றாக ஆறிய நீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து, அடியிலே சீனியை மெல்ல இட்டு, அசையாத ஓரிடத்தில் வையுங்கள். சீனி அடியிலே கரைந்து கனமான பாகாகத் தங்கும். அதன்மேல் உள்ள நீருக்குள் அது தன்முயற்சியால் ஏறவேண்டும்.

சீனியின் மூலக்கூறு நீரினுள்ளே ஒரு கணமும் ஓய்ந்திருப்பதில்லை. நாற்புறமிருந்தும் நீர் மூலக்கூறுகள் அதனை இடித்துத் தள்ளுகின்றன. ஓரடி முன்னே, ஓரடி பின்னே, ஓரடி பக்கத்திலே என்று நோக்கமின்றி அலைகின்றது. இந்த அலைச்சலின் பயனாக அது ஒரு சென்ரிமீற்றர் தூரம் விலகிச் செல்ல அறை வெப்பநிலையிலே சராசரியாக 27 மணித்தியாலம் செல்லும். குவளையின் உயரம் 8 சென்ரிமீற்றர் என்று கொண்டால், 27ஐ எட்டாற் பெருக்கினாற் போதுமென்று நினைப்போம். அதுவே தவறு. நோக்கமின்றி அலைபவனுக்குத் தூரம் இருமடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். தூரம் எட்டு மடங்கானால் நேரம் 64 மடங்காகும். கணக்கிட்டுப் பாருங்கள்: 70 நாட்களுக்கு மேல் வருகின்றது! அதாவது கரண்டி என்னும் ஒரு பொருள் உலகில் இல்லாதிருப்பின், தைப்பொங்கலன்று சீனியிட்ட குவளை பங்குனி பிறந்த பின்னரே சீராக இனிக்கும்.

இந்த வர்க்க விதியை எமது இல்லத்தரசிகள் ஏட்டிற் படிக்காமலே அறிந்திருக்கின்றனர். மாங்காய் ஊறுகாய்க்குத் துண்டுகளை ஏன் சிறிதாக நறுக்குகின்றார்கள்? துண்டின் தடிப்பைப் பாதியாக்கினால் உப்பு உள்ளே ஊறும் காலம் காற்பங்காகின்றது. முழுக்காயை உப்பிலிட்டவர் வாரக்கணக்கிற் காத்திருக்க, நறுக்கி இட்டவர் சில நாட்களிற் பரிமாறிவிடுகின்றார். இதனை மனத்திலே குறித்துக்கொள்ளுங்கள். அண்ணரின் இயந்திரத்தினுள்ளும் இதே சூட்சுமமே ஒளிந்திருக்கின்றது.

கிரகாமின் ஜாடிகளும் ஃபிக்கின் விதியும்

திரவங்களிலே பொருள்கள் பரவும் வேகத்தை முறையாக அளக்க முற்பட்டவர் ஸ்கொத்லாந்து தேசத்தவராகிய தோமஸ் கிரகாம். உப்புக் கரைசல் நிறைந்த சிறு குப்பிகளைத் திறந்தபடி பெரிய நீர்ச் ஜாடிகளினுள்ளே அமிழ்த்தி வைத்து, நாட்கணக்கிற் காத்திருந்து, எவ்வளவு உப்பு வெளியேறியது என்று அளந்தார். அவ்வாராய்ச்சியை 1850 ஆம் ஆண்டளவில் வெளியிட்டார். 1861 இலே அவர் தந்த அட்டவணை ஒன்று இன்றும் படிக்கச் சுவையானது. சம அளவு பரவுவதற்கு ஐதரோகுளோரிக் அமிலத்துக்கு ஒரு பங்கு நேரம் என்று வைத்தால், கறியுப்புக்கு 2.33 பங்கும், சீனிக்கு 7 பங்கும், முட்டை வெண்கருவின் புரதமாகிய அல்புமினுக்கு 49 பங்கும், கருக்கிய சீனிக்கு 98 பங்கும் வேண்டும் என்று கண்டார். சிறியன விரைவாகவும் பெரியன மெதுவாகவும் செல்லும் என்பது இதனாற் புலனாயிற்று.

அதே ஆண்டிலே கிரகாம் இன்னொன்றும் செய்தார். தாவரக் காகிதத்தோலை ஒரு வளையத்திலே பறைபோல இறுகக் கட்டி, அதன்மேற் சிறுநீரை ஊற்றி, அடியிலே நீர் இருக்குமாறு ஒருநாள் மிதக்கவிட்டார். சிறுநீரிலுள்ள யூரியாவும் உப்புகளும் தோலைக் கடந்து நீருக்குள் இறங்கின. பெரிய பொருள்கள் மேலே தங்கிவிட்டன. இவ்வாறு பிரித்தெடுக்கும் முறைக்கு அவர் சூட்டிய பெயரே டயலிசிஸ். நோயாளிகளுக்கு அது உதவும் என்று காட்டப்படுவதற்கு 80 ஆண்டுகளுக்கு மேல் செல்லவேண்டியிருந்தது.

அளந்தவர் கிரகாம், அளவைகளுக்குள்ளே விதியைக் கண்டவர் அடொல்ஃப் ஃபிக். சூரிச் நகரிலே உடற்கூற்றுத் துறையிற் பணிபுரிந்த இவ்விளைஞர் 1855 இல், தமது இருபத்தைந்தாம் வயதிலே, எளிய விதியொன்றை முன்வைத்தார். வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் பாய்வதுபோலவே, கரைந்த பொருளும் செறிந்த இடத்திலிருந்து ஐதான இடத்துக்குப் பாயும். செறிவு வேறுபாடு எவ்வளவு செங்குத்தாக இருக்கின்றதோ அவ்வளவு விரைவாகப் பாயும் என்றார். வவுனியாக் குளத்திலே நீர் நிறைந்திருக்கும்போது துருசு வழியாக வேகமாகப் பாயும் நீர், குளம் வற்ற வற்ற மெலிந்து ஓடுவதை நாம் காண்கின்றோம் அல்லவா? அதனை ஒத்ததே இதுவும். செறிவு குறையக் குறைய ஓட்டமும் குறையும். இந்த ஒரு வாக்கியத்தில் அண்ணரின் வினாவுக்குரிய விடையின் பாதி அடங்கியிருக்கின்றது.

கணித்தறியும் கலை

ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொரு திரவத்தில் இட்டு நாட்கணக்கிற் காத்திருந்து அளப்பதென்றால் ஆயுள் போதாது. அளக்காமலே கூறமுடியுமா? அல்பேட் ஐன்ஸ்ரைன் 1905 ஆம் ஆண்டில் முடியும் என்றார். அதே ஆண்டிலே அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் வாழ்ந்த வில்லியம் சதலண்ட் என்பவரும் தனித்தே அதே சூத்திரத்தை வெளியிட்டார். அதன் சாரம் இதுதான்: பரவும் வேகம் வெப்பநிலை உயர உயரும், திரவத்தின் பாகுநிலை கூடக் குறையும், மூலக்கூறின் பருமன் கூடக் குறையும். ஐன்ஸ்ரைன் தமது கலாநிதிப் பட்டத்துக்கு எழுதிய ஆய்வு சீனிக் கரைசலைப் பற்றியதே. அண்டசராசரத்தை ஆராய்ந்த அப்பேரறிஞர் சீனி நீரையும் புறக்கணிக்கவில்லை என்பது எம்போன்ற ஆசிரியர்களுக்கு ஆறுதல் தருவது.

இந்தச் சூத்திரத்தைக் கொண்டு வீட்டிலிருந்தபடியே பல உண்மைகளைக் கூறலாம். 25 பாகை செல்சியசில் இருக்கும் நீரை உடற்சூடாகிய 37 பாகைக்கு உயர்த்தினால், பாகுநிலை தளர்ந்து, பரவல் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு விரைவாகும். பெரிய உருண்டையான மூலக்கூறுகளுக்கு இச்சூத்திரம் நன்கு பொருந்தும். சிறியவற்றுக்கோ சற்றுப் பிசகும். ஏனெனில் நீர் மூலக்கூறு போன்ற பருமனுடைய ஒன்றுக்கு, சுற்றியுள்ள நீர் தொடர்ச்சியான பாகாகத் தோன்றாது. இடிபடும் கூட்டமாகவே தோன்றும். இக்குறையை நிரப்ப 1955 இலே கலிபோர்னியாவில் வில்கி, சாங் என்னும் இருவர் அளவைகள் பலவற்றைத் திரட்டி ஆராய்ந்து ஒரு சூத்திரம் சமைத்தனர். இரசாயனப் பொறியியலாளர் அதனை இன்றும் கையாளுகின்றனர். அது சராசரியாகப் பத்து வீதப் பிழைக்குள் விடை தரும் என்று அவர்கள் மதிப்பிட்டனர்.

இதுவரை கூறியது தனித் திரவத்தினுள்ளே சிறிதளவு பொருள் பரவுவதைப் பற்றியது. திரவங்கள் ஒன்றோடொன்று கலந்திருக்குமாயின் கதை சிக்கலாகின்றது. நீரையும் மதுசாரத்தையும் உதாரணமாகக் கொள்வோம். நீர் மிகுந்த நிலையில் மதுசாரம் எவ்வேகத்திற் பரவுகின்றதோ, மதுசாரம் மிகுந்த நிலையில் நீரும் ஏறக்குறைய அவ்வேகத்திலேயே பரவுகின்றது. அப்படியானால் நடுவிலும் அதே வேகம் இருக்கும் என்றுதானே கருதுவோம்? அளந்து பார்த்தால் நடுவிலே வேகம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்காக வீழ்ந்துவிடுகின்றது. காரணம் இரண்டு. கலவையின் பாகுநிலை தனி நீரினதைவிட இரண்டரை மடங்குக்கு மேல் உயர்கின்றது. அன்றியும், மதுசார மூலக்கூறுகள் தம் இனத்தோடு கூடி நிற்க விரும்புவதால், பிரிந்து பரவும் ஆவலும் குன்றிவிடுகின்றது. கலியாண வீட்டிலே மாப்பிள்ளை பகுதியாரும் பெண் பகுதியாரும் ஒரே பந்தலுக்குள் இருந்தும் தனித்தனிக் குழுக்களாகவே நின்று பேசுவதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும்.

1966 இலே வீஞ் என்னும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர், இரு முனைகளிலும் உள்ள வேகங்களைக் கொண்டு நடுவிலுள்ள வேகத்தைக் கணிக்க ஒரு விதி வகுத்தார். கூட்டிப் பாதியாக்கும் சராசரியன்று அவர் கையாண்டது. பெருக்கி மூலம் காணும் சராசரி. அதனோடு, மூலக்கூறுகள் தம்முள் விரும்பியும் வெறுத்தும் நிற்கும் தன்மைக்காக ஒரு திருத்தத்தையும் சேர்த்தார். இனிது பழகும் திரவங்களுக்கு அவ்விதி நன்கு பலித்தது. நீரும் மதுசாரமும் போன்ற பிடிவாதக்காரர்களிடம் சற்றுத் தடுமாறியது.

மூன்று பொருள்கள் சேர்ந்தாலோ வினோதம் மிகுதியாகும். மக்ஸ்வெல், ஸ்ரெபான் ஆகிய இருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வகுத்த சமன்பாடுகளின்படி, ஒரு பொருள் மற்றொன்றை உராய்ந்து தன்னுடன் இழுத்துச் செல்லலாம். 1962 இலே வாயுக்களை வைத்துச் செய்த பரிசோதனை ஒன்றில், இருபுறமும் சம செறிவில் இருந்த நைதரசன், போகவேண்டிய காரணம் எதுவுமில்லாதிருந்தும், அயலிலே சென்றவற்றால் இழுக்கப்பட்டு ஒருபுறமாக நகர்ந்தது. வவுனியா பஸ் நிலையத்திலே யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நெருக்கியடித்து ஏறும் கூட்டத்திடையே, மன்னாருக்குப் போகவேண்டியவர் அகப்பட்டு அந்தப் பஸ்ஸுக்குள்ளேயே தள்ளப்பட்டுவிடுவது போன்றதே இது.

இந்நாளிலே கணிப்பொறியும் இத்துறைக்குத் துணை வந்துள்ளது. கரையும் பொருள்களை வரிசையிலும் கரைக்கும் திரவங்களை நிரலிலும் எழுதினாற் கிடைக்கும் பெரிய அட்டவணையிலே, அளந்து நிரப்பிய கட்டங்கள் சிலவே, வெறுங்கட்டங்களே மிகுதி. 2022 இலே ஜேர்மனியின் கைசர்ஸ்லவுட்டேர்ன் நகரத்து ஆராய்ச்சியாளர், நிரம்பிய கட்டங்களிலிருந்து வெறுங்கட்டங்களை ஊகிக்கும் முறையொன்றை வெளியிட்டனர். எமக்கு இது புதிதன்று. தவணைப் பரீட்சையில் ஒரு பாடத்துக்கு வராத மாணவன் எத்தனை புள்ளி பெற்றிருப்பான் என்பதை, அவனுடைய ஏனைய புள்ளிகளையும் அப்பாடத்தில் மற்றவர்கள் பெற்ற புள்ளிகளையும் பார்த்து ஆசிரியர் ஊகிப்பதில்லையா? அவ்வூகத்தையே கணிப்பொறி நுட்பமாகச் செய்கின்றது.

அண்ணரின் இயந்திரம்

இனி அண்ணரிடம் வருவோம். இரத்தமும் ஒரு திரவக் கலவையே. நீர், உப்பு, யூரியா, புரதம், செங்குருதிக் கலங்கள் என்று பல அதிலே நெருங்கியிருக்கின்றன. சிறுநீரகம் செய்துவந்த வேலையைப் பரவலைக் கொண்டே செய்விக்கலாம் என்று காட்டியவர் ஒல்லாந்து வைத்தியர் வில்லெம் கொல்ஃப். யுத்த காலத்திலே, 1943 ஆம் ஆண்டில், கம்பென் என்னும் சிறு நகரத்தில், இறைச்சி அடைக்கும் செலோபன் குழாயை மரச் சட்டங்களாலான உருளையிற் சுற்றி, உருளையை உப்பு நீர்த் தொட்டியிலே சுழலச் செய்து, குழாயினுள்ளே நோயாளியின் இரத்தத்தை ஓடவிட்டார். முதல் நோயாளிகளில் ஏறக்குறைய எல்லாரும் இறந்தனர். அவர் மனந்தளரவில்லை. 1945 இலே 67 வயதுடைய பெண்மணி ஒருவர் அவ்வியந்திரத்தினால் உயிர்பிழைத்தார்.

இன்றைய வடிகட்டி, ஒரு முழ நீளங்கூட இல்லாத பிளாத்திக்குக் குழல். அதனுள்ளே மயிர்போன்ற நுண்குழாய்கள் பத்தாயிரம் அளவில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் உள்விட்டமும் ஒரு மில்லிமீற்றரின் ஐந்திலொரு பங்கு. மாங்காயை ஏன் நறுக்கினோம் என்பதை இப்பொழுது நினைவுகூருங்கள். குழாயின் நடுவிலிருந்து சுவருக்குள்ள தூரத்தை யூரியா கடக்க நான்கு வினாடி அளவே செல்லும். அதே யூரியா ஒரு சென்ரிமீற்றர் செல்வதற்குப் பத்து மணித்தியாலம் வேண்டும்! வெளிப்புறத்திலே சுத்தமான திரவம் இரத்தத்துக்கு எதிர்த்திசையில் ஓடுகின்றது. இதனால் குழாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை செறிவு வேறுபாடு குன்றாது நிலைக்கின்றது. ஃபிக்கின் விதி முழுப் பலத்துடன் வேலை செய்கின்றது.

"அப்படியெண்டால் நாலு வினாடியிலை முடியவேணுமே?" என்று நேயர்கள் கேட்கலாம். அண்ணரும் கேட்டார். நான்கு வினாடி என்பது அந்தக் கணத்திலே குழாயினுள் இருக்கும் இரத்தத்துக்கு. யூரியாவோ இரத்தத்தில் மாத்திரமன்றி, உடலிலுள்ள நீர் முழுவதிலும் கரைந்து கிடக்கின்றது. 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரின் உடலில் 36 லீற்றர் அளவு நீர் உண்டு. இயந்திரம் நிமிடத்துக்கு 200 மில்லிலீற்றர் அளவையே யூரியாவிலிருந்து விடுவிக்கவல்லது என்று கொள்வோம். சுத்தமான இரத்தம் திரும்பிச் சென்று அசுத்தமானதோடு கலக்கின்றது. ஆகவே அழுக்கு ஒரே சீராகக் குறைவதில்லை; ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகின்றது. நூறு பங்கு யூரியாவிற் தொடங்கினால், இரண்டு மணித்தியாலத்தில் ஐம்பது எஞ்சும். நான்கு மணித்தியாலத்தில் இருபத்தைந்து அளவு எஞ்சும்.

அண்ணரின் முகம் மலர்ந்தது. "பாத்தியே தம்பி, ரெண்டு மணித்தியாலத்திலை அரைவாசி போகுதுதானே!"

இவ்விடத்திலேதான் நாம் ஆசிரியரென்ற முறையிலே சற்றுக் குரலை உயர்த்த வேண்டியதாயிற்று.

முதலாவது, பாதி நேரம் இருந்தவருக்கு எஞ்சுவது முழுநேரம் இருந்தவருக்கு எஞ்சுவதன் இருமடங்கு. அதன்மேல் அடுத்த சிகிச்சை வரையில் உண்ணும் உணவின் கழிவும் சேரும். இவ்வாறு வாரந்தோறும் ஏறிச் செல்லும்.

இரண்டாவது, யூரியா ஓட்டக்காரன். அதன் மூலக்கூற்று நிறை 60 மாத்திரமே. நோயாளியின் உடலிலே தேங்கும் பீட்டா-2 மைக்குரோகுளோபியூலின் என்னும் புரதத்தின் மூலக்கூற்று நிறை ஏறக்குறைய 11,800. ஐன்ஸ்ரைனின் சூத்திரத்தின்படி அதன் வேகம் யூரியாவினதில் ஆறிலொரு பங்கு அளவே. சவ்வின் ஒடுங்கிய துளைகளிலே அது இன்னும் தாமதமாகும். பொசுபேற்றோ கலங்களினுள்ளே பதுங்கியிருந்து மெதுவாகவே இரத்தத்துக்கு வரும். இயந்திரத்தைக் கழற்றிய பின்னரும் வந்துகொண்டேயிருக்கும். முதல் இரண்டு மணித்தியாலம் ஓட்டக்காரனுக்கு உரியதென்றால், பின் இரண்டும் நொண்டிகளுக்கு உரியவை. அவர்களை விட்டுவிட்டு வண்டியை எடுத்தால் அவர்கள் வீட்டிலேயே தங்கிவிடுவார்கள்.

மூன்றாவது, உடலிலே மிகுந்த நீரை வெளியேற்றுவது. இது பரவலாலன்று, அமுக்கத்தால் நிகழ்வது. மூன்று லீற்றர் நீரை நான்கு மணித்தியாலத்தில் எடுப்பது மணிக்கு 750 மில்லிலீற்றர். இரண்டு மணித்தியாலத்தில் எடுப்பதென்றால் மணிக்கு ஒன்றரை லீற்றர். அவ்வாறு எடுத்தால் இரத்த அமுக்கம் வீழும். எடுக்காது விட்டால் நெஞ்சிலே கோக்கும். அந்த நள்ளிரவிலே நிகழ்ந்தது இதுதான்.

அண்ணர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு கோப்பையின் அடியிலே தங்கியிருந்த சீனியைப் பார்த்து, "கலக்காமல் குடிச்சிட்டன்" என்று மாத்திரம் சொன்னார்.

எமது நிலமும் நீரும்

இது ஓர் அண்ணரின் கதை மாத்திரமன்று. எமது நகரிலிருந்து தெற்கே செல்லும் வீதியிலுள்ள மதவாச்சியிலும், அதற்கப்பால் பதவியாவிலும், 1990 களிலே விவசாயிகளிடையே காரணம் தெரியாத சிறுநீரக நோய் மிகுதியாகக் காணப்பட்டது. வட மத்திய மாகாணத்தோடு எல்லைகோலும் எமது வவுனியா மாவட்டத்திலும் அந்நோய் கண்டறியப்பட்டுள்ளது. நிலத்தடி நீரின் கடினத்தன்மை, அதிலுள்ள புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெயிலிலே போதிய நீரருந்தாமல் உழைத்தல் என்பன யாவும் ஆராயப்பட்டுள்ளன. இதுவே காரணம் என்று ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. இவற்றோடு நீரிழிவும் உயர் இரத்த அமுக்கமும் சிறுநீரகத்தைக் கெடுப்பன என்பது எல்லாரும் அறிந்ததே.

இன்னொன்றையும் சிந்தித்தல் நன்று. நான்கு மணித்தியாலச் சிகிச்சைக்கு நிமிடத்துக்கு அரை லீற்றர் வீதம் 120 லீற்றர் திரவம் வேண்டும். அத்தனையும் கடினத்தன்மையும் உப்பும் நீக்கிய தூய நீரிலிருந்தே ஆக்கப்படல் வேண்டும். ஏனெனில் சவ்வு இருவழிப் பாதை. நீரிலே தீயது இருந்தால், அதுவும் ஃபிக்கின் விதிக்கு அடங்கி இரத்தத்துக்குள்ளே புகும். விதிக்கு நல்லது தீயது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியவர் நாமே.

சிறுநீரக நோய் ஆரம்பத்திலே நோவு காட்டாது. ஆகையால் நாற்பது வயதைக் கடந்தவர்களும், வயலில் உழைப்பவர்களும், நீரிழிவுள்ளவர்களும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதிப்பித்தல் வேண்டும். சிகிச்சை பெறுபவர்கள் நேரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் வைத்தியரோடு பேசியே செய்யவேண்டியன. வயலும் சிகிச்சையும் ஒருநாளில் வந்தால், நாளை மாற்றித் தரும்படி கேட்கலாம்; நேரத்தைக் குறைக்கும்படி கேட்கலாகாது. அயலவர்களுக்கும் ஒரு கடமையுண்டு. இந்தச் சிறுபோகத்திலே அண்ணரின் வயலுக்கு வெட்டு இயந்திரம் வந்த அன்று, பக்கத்து வயற்காரர் இருவர் வரம்பிலே நின்று வேலையைப் பார்த்துக்கொண்டனர். அண்ணர் மருத்துவமனையிலே நான்கு மணித்தியாலமும் படுத்திருந்தார்.

பிற்பகல் எமது இல்லத்துக்கு வந்தபோது, எமது இல்லாள் வழக்கம்போல அரைக் கோப்பைத் தேநீர் கொடுத்தார். அண்ணர் கரண்டியைக் கேட்டு வாங்கி, ஆறுதலாகக் கலக்கிக்கொண்டே, "இரண்டு மூட்டை குறைஞ்சுதாம், போகட்டும்" என்றார்.

அடுத்த வாரம் நேயர் ஒருவர் கேட்டெழுதிய, மண்பானை நீர் குளிர்வது எவ்வாறு என்னும் விடயத்தை ஆராய்வோம்.